எல்இடிக்கு எந்த ரெசிஸ்டர்: கோளாறைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம், பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவோடு பஸ் ஏறித் தர்மபுரியில் என் ரிப்பேர் கடைக்கு வந்தான். மடியில் ஒகேனக்கல். தெர்மாகோல் பாறை, நீலக் கண்ணாடித் தாளில் அருவி, அருவிக்கு உள்ளே பத்து நீல எல்இடி. அதில் ஏழு செத்துவிட்டன. மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி.

"அண்ணா, ரெசிஸ்டர் போட்டா எரியவே மாட்டேங்குது. எடுத்துட்டா பளிச்சுன்னு ஒரு தடவ எரிஞ்சு செத்துப் போயிடுது. எந்த ரெசிஸ்டர்ணா போடணும்?"

மதிப்பைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவனிடம் மதிப்பு ஏற்கெனவே இருந்தது. யாரோ 330 ஓம் (ரெசிஸ்டரின் தடையை அளக்கும் அலகு ஓம்) என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கோளாறு வேறு இடத்தில். எல்இடி விஷயத்தில் எப்போதும் இப்படித்தான். வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரிகிறது, எங்கே தவறுகிறது என்று பார்க்கத்தான் தெரிவதில்லை. அதனால் கோளாறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மிச்ச வோல்ட்

ஒரே ஒரு கணக்குதான் வேண்டும். பேட்டரி தருகிற வோல்ட்டில் எல்இடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் ரெசிஸ்டர் தலையில் விழும். அந்த மிச்சத்தை, ஓட வேண்டிய கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டரின் ஓம் வந்துவிடும். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுக்கும். 9 வோல்ட் பேட்டரி என்றால் மிச்சம் 7. பத்து மில்லி ஆம்பியர் போதும் என்றால் 7 ÷ 0.01 = 700 ஓம். கடையில் 700 கிடைக்காது, 680 கிடைக்கும். அது போதும்.

சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்குப் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியர்தான் மேல் எல்லை. அந்த எல்லைக்கே ஓட்ட வேண்டியதில்லை. 20இல் எரிவதற்கும் 10இல் எரிவதற்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்போது வருகிற பளிச்சென்ற எல்இடிகள் 2, 3 மில்லி ஆம்பியரிலேயே நன்றாகத் தெரிகின்றன.

ஆகவே சந்தேகம் என்றால் 1 கிலோ ஓம் போட்டு ஆரம்பியுங்கள். கடையில் 'ஒன் கே' என்றால் தருவார்கள். அதன் உடம்பில் இருக்கும் நிறக் கோடுகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, கடைசியில் தங்கம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 3 மில்லி ஆம்பியர், 9 வோல்ட்டில் 7, பைக் பேட்டரியில் 10, 12 போகும். எதிலும் எல்இடி சாகாது. இன்னொரு பெரிய வசதி, அந்த ரெசிஸ்டரின் இரு கால்களில் மீட்டரை (மல்டிமீட்டர்) வைத்தால் எத்தனை வோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 3.1 வோல்ட் என்றால் 3.1 மில்லி ஆம்பியர். வகுக்கவே வேண்டாம். வயரை வெட்டி மீட்டரை நடுவில் சேர்த்துக் கரண்ட் அளக்கிற வேலையும் இல்லை, மீட்டரின் ஃப்யூஸும் போகாது.

எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் எடுப்பது மூன்று அளவு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொண்டு பேட்டரி முனைகளில் ஒன்று, எல்இடியின் கால்களில் ஒன்று, ரெசிஸ்டரின் கால்களில் ஒன்று. பின்னது இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய் மீட்டர் போதும். ஆனால் அதற்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். திரையில் பேட்டரிப் படம் வந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

எரியவே இல்லை

பேட்டரி முனைகளில் வோல்ட் இருக்கிறது, எல்இடியிலும் ரெசிஸ்டரிலும் பூஜ்யம் என்றால் கரண்டே வரவில்லை. பேட்டரி கிளிப், சுவிட்ச், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கால்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகை) இவற்றில் ஒன்று. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரமாக ஓடும் பிளஸ், மைனஸ் கோடுகள் நடுவில் துண்டாக இருக்கும். கோடு வரைந்திருப்பதிலேயே நடுவில் ஒரு இடைவெளி தெரியும். இந்தப் பக்கம் பேட்டரி, அந்தப் பக்கம் எல்இடி என்று வைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயர் ஒன்றால் அந்த இடைவெளியை இணைத்தால் முடிந்தது.

பேட்டரியின் முழு வோல்ட்டும் எல்இடியின் கால்களிலேயே நிற்கிறது, ரெசிஸ்டரில் பூஜ்யம் என்றால், எல்இடி வழியாக எதுவும் ஓடவில்லை. திருப்பி மாட்டியிருக்கலாம், இல்லை உள்ளே அறுந்திருக்கலாம். நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வட்டமான விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாக இருக்கும், அது மைனஸ் பக்கம். திருப்பிப் போட்டும் எரியவில்லை என்றால் எல்இடி போய்விட்டது. பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை அதிக நேரம் காலில் வைத்திருந்தாலும் இப்படி அறுந்துவிடும். இரண்டு, மூன்று நொடிக்குள் ஈயம் ஓடவில்லை என்றால் கோலை எடுத்து ஆறவிட்டு மறுபடி வையுங்கள்.

எல்இடியில் பூஜ்யம், முழு வோல்ட்டும் ரெசிஸ்டரில் என்றால் எல்இடியின் இரண்டு காலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரெட்போர்டில் ஒரே வரிசையில் இரண்டு காலையும் குத்தியிருப்பீர்கள், அல்லது ஈயம் வழிந்து சேர்ந்திருக்கும்.

இதிலெல்லாம் அகப்படாத ஒன்று இருக்கிறது. ரெசிஸ்டரில் நிறைய வோல்ட் காட்டுகிறது, எல்இடியிலும் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, கூட்டினால் சரியாக வருகிறது. ஆனாலும் எரியவில்லை. பையனின் மாடலில் நான் பார்த்தது இதுதான். உயிரோடு இருந்த மூன்றில் ஒன்றுக்கு அவனுடைய ரெசிஸ்டரை வைத்து அளந்தேன். ரெசிஸ்டரில் ஆறரை, எல்இடியில் இரண்டரை. கடை விளக்கை அணைத்துவிட்டு எல்இடியைச் சுற்றிக் கையைக் குவித்துப் பார்த்தேன். உள்ளே ஊசிமுனை அளவுக்கு நீலம். எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது! பகல் வெளிச்சத்தில் அது யாருக்குத் தெரியும்?

ரெசிஸ்டரை எடுத்து ஓம் பார்த்தால் 330 கிலோ ஓம். அவனுக்கு வேண்டியதைப்போல ஆயிரம் மடங்கு. ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330 ஓம். ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள் என்றால் 330 கிலோ ஓம். வாங்கும்போது '330' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். கொடுத்தவரும் கேட்கவில்லை. 'ஓம்' என்ற ஒரு சொல் விட்டுப்போனதில் ஏழு எல்இடி போனது.

மங்கலாக எரிகிறது

முக்கால்வாசி இதுவும் நிறக் கோடு விவகாரம்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூன்றாவது கோடுதான் ஆளை ஏமாற்றும். சிவப்பு, சிவப்பு, பழுப்பு 220 ஓம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு 2200 ஓம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் எனக்கே ஒன்றுபோலத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் அதைவிட மோசம். பகல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்.

வெளிர் பழுப்பு உடம்பில் நான்கு கோடு இருக்கிற ரெசிஸ்டரில் ஓரத்தில் தங்கக் கோடு இருக்கும். அதை வலது கைப்பக்கம் வைத்து இடமிருந்து படிக்க வேண்டும், குழப்பம் இல்லை. நீல உடம்பில் ஐந்து கோடு வருகிறதே, ஒரு சதவீத ரெசிஸ்டர், அதில்தான் சிக்கல். 10 கிலோ ஓம் அதில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று இருக்கும். இரண்டு ஓரத்திலும் பழுப்பு! அதையே மறுபக்கத்திலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அது 120 ஓம். இரண்டுமே கடையில் கிடைக்கிற உண்மையான மதிப்பு. 120 ஓம் என்று நினைத்து 10 கிலோ ஓம் வைத்தால் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 0.3 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும், மங்கல். மாறிப் போனாலோ 25 மில்லி ஆம்பியர், எல்லை தாண்டிவிட்டது. கடைசிக் கோடு மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் விலை குறைந்த சரக்கில் அந்த இடைவெளி கண்ணுக்குப் பிடிபடாது.

அதனால் என் பழக்கம், நிறத்தை நம்புவதில்லை. மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் ஓம் பார்த்துவிடுவேன். ஐந்து நொடி வேலை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டரின் ஒரு காலையாவது விடுவித்த பிறகுதான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றில் இருக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து வேறு ஏதோ எண் வரும்.

ரெசிஸ்டர் சரி, இன்னும் மங்கல் என்றால் பேட்டரியைப் பாருங்கள். எதுவும் மாட்டாமல் அளந்தால் பழைய 9 வோல்ட் பேட்டரிகூட எட்டரை காட்டும். எல்இடி எரியும்போது அளந்தால்தான் அது சரிவது தெரியும்.

சிவப்பு எரிகிறது, நீலம் எரியவில்லை

ரெசிஸ்டர் அதேதான், இடம் அதேதான், சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தையோ வெள்ளையையோ வைத்தால் மங்கல் அல்லது இருட்டு. இது பெரும்பாலும் 3.3 வோல்ட் போர்டுகளில் வரும் கோளாறு. நோட்எம்சியூ போன்ற சின்ன கண்ட்ரோலர் போர்டுகள் ஒரு பின்னில் தருவது 3.3 வோல்ட்தான். சிவப்பு 2 வோல்ட் எடுத்தால் மிச்சம் 1.3 இருக்கிறது, 150 ஓம் போட்டால் 8, 9 மில்லி ஆம்பியர் ஓடும். நீலமும் வெள்ளையும் 3 முதல் 3.4 வோல்ட் வரை கேட்கும். மிச்சம் என்று ஒன்று அநேகமாக இல்லை. அங்கே ரெசிஸ்டரைக் குறைத்தாலும் பளிச்சென்று எரியும் என்று நம்ப முடியாது. 5 வோல்ட்டிலிருந்து எடுத்து டிரான்சிஸ்டர் வைத்து ஓட்டுங்கள், அல்லது சிவப்பே போதும் என்று விடுங்கள்.

நீலத்துக்கு ஏன் அவ்வளவு வோல்ட் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி அது. நீல ஒளியின் ஒவ்வொரு துகளும் சிவப்பு ஒளித் துகளைவிட அதிக ஆற்றல் கொண்டது. அந்த ஆற்றலைக் கொடுக்க எல்இடிக்குள் எலக்ட்ரான் அதிக உயரத்திலிருந்து விழ வேண்டும், அந்த உயரம்தான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962இல் நிக் ஹோலோன்யாக் செய்துவிட்டார். பிரகாசமான நீலத்துக்கு 1993 வரை, ஷூஜி நாகமுராவின் கை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். வெள்ளை எல்இடியும் உள்ளே நீலம்தான். மேலே மஞ்சள் பூச்சு பூசியிருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதனால்தான் வெள்ளைக்கும் அதே வோல்ட்.

பச்சையில் மட்டும் கவனம். மஞ்சள் கலந்த மாதிரியான பழைய பச்சை 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே எடுக்கும். மரகதம் மாதிரிப் பளபளக்கும் பச்சை 3 வோல்ட்டுக்கு மேல் எடுக்கும். எரிய வைத்து எல்இடியின் கால்களில் அளந்துவிட்டால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, மீட்டரின் டயோடு நிலையில் வைத்து எல்இடியைச் சோதிக்கிறவர்களுக்கு: சிவப்பு அதில் மினுக்கும். பல மீட்டர்கள் தருகிற வோல்ட் நீலத்துக்குப் பற்றாது. எரியவில்லை என்று நல்ல நீல எல்இடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 9 வோல்ட் கிளிப்பில் ஒரு 1 கிலோ ஓம் பற்றவைத்து, இரண்டு முனையிலும் முதலை கிளிப் போட்டு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறமும் அதில் தெரிந்துவிடும்.

ஒரு மினுக்கு, அப்புறம் இருட்டு

ரெசிஸ்டர் இல்லை, அல்லது மிகக் குறைவு. சிலர் கேட்பார்கள், "கடிகார செல்லுல நேரா வெச்சா எரியுதே, ஒண்ணும் ஆகலியே?" சரிதான். சிஆர் 2032 போன்ற வில்லை செல்லுக்கு உள்ளேயே தடை அதிகம், 3 வோல்ட்டுக்கு மேல் தரவும் முடியாது. அங்கே செல்லே ரெசிஸ்டர் வேலையைப் பார்க்கிறது. அதை நம்பி 9 வோல்ட்டில் நேராக வைத்தால் எல்இடி தாங்காது.

குண்டு பல்பு மாதிரி நினைத்துக்கொள்வதால் வரும் தவறு இது. குண்டு பல்புக்கு வோல்ட் கொஞ்சம் கூடினால் கரண்ட்டும் கொஞ்சம் கூடும், சூடாக ஆக அதன் இழை தானாகவே தடையை ஏற்றிக்கொள்ளும். எல்இடி நேர் எதிர். தன் வோல்ட்டைத் தாண்டி அரை வோல்ட் கூடினாலே கரண்ட் பல மடங்கு ஏறும். சூடாக ஆக இன்னும் அதிகம் இழுக்கும். பிடித்து நிறுத்த வெளியில் ஒரு ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும்.

சேர்த்துப் போட்டால் ஒன்று மட்டும் பளிச்

மூன்று எல்இடியைப் பக்கம் பக்கமாக இணைத்து மூன்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டால், எது கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் திறந்துகொள்கிறதோ அது கரண்ட்டை அள்ளிக்கொள்ளும். சூடாகும், இன்னும் அள்ளும். சிவப்பையும் நீலத்தையும் இப்படிச் சேர்த்தால் சிவப்பு மட்டும் எரியும், நீலம் எழுந்திருக்கவே எழாது. ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுங்கள், ஒரு ரூபாய்ச் சரக்குதானே.

வோல்ட் இடம் கொடுத்தால் அதைவிட நல்லது வரிசையாகக் கோர்ப்பது. மாரியம்மன் திருவிழாவில் கட்டுகிற சீரியல் செட் மாதிரி, ஒன்றின் மைனஸ் அடுத்ததின் பிளஸ்ஸில். எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடுவதால் யாரும் அள்ள முடியாது. எல்லா எல்இடியின் வோல்ட்டையும் கூட்டிக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு ஒரே ரெசிஸ்டர். ஆனால் மிச்சம் என்று நன்றாகவே கொஞ்சம் இருக்க வேண்டும். அதை வண்டிக் கோளாறில் சொல்கிறேன்.

வண்டியில் போட்டது கொஞ்ச நாளில் போய்விட்டது

பைக், கார் பேட்டரி 12 வோல்ட் என்று கணக்குப் போடுவதுதான் இங்கே தவறு. வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும். எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும்.

மூன்று வெள்ளை எல்இடியை வரிசையாகக் கோர்த்தால் 9.6 வோல்ட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது மிச்சம் 3 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப் போட்டு 150 ஓம் வைத்தீர்கள், சரியாக இருக்கிறது. இப்போது வண்டியை ஓட்டுங்கள். மிச்சம் 4.8 ஆகிவிட்டது. அதே 150 ஓமில் ஓடுவது 32 மில்லி ஆம்பியர்! பேட்டரி வோல்ட் ஏழில் ஒரு பங்குதான் ஏறியது, கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. உடனே சாகாது. சில வாரம் எரிந்து, நீலம் பாய்ந்து, மங்கி, அப்புறம் போகும். ஆகவே வண்டிக்கு எப்போதும் 14.4ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். இதே மூன்றுக்கு 390 ஓம் வைத்தால் நிற்கும்போது 8, ஓடும்போது 12 மில்லி ஆம்பியர். பார்வைக்கு மாற்றமே தெரியாது, பல வருஷம் நிற்கும்.

நான்கு வெள்ளை கோர்த்துவிட்டு, "எஞ்சின் ஓடினாத்தான்ணா எரியுது" என்று வருகிறவர்களும் உண்டு. நான்குக்கு 12.8 வேண்டும். நிற்கிற பேட்டரியில் அது கிடையாது.

லாரி இன்னொரு உலகம். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரி வரிசையில் 24 வோல்ட், ஓடும்போது 28 வரை வரும். கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக் கூழ் ஏற்றுகிற ஓட்டுநர் அண்ணன் ஒருவர் கேபினில் சாமி படத்தைச் சுற்றி அவரே சிவப்பு எல்இடி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 1 கிலோ ஓம், கால் வாட். பைக்கில் அது சரியாக இருந்ததாம். தொப்பூர் இறக்கத்தில் கேபினுக்குள் கருகல் வாடை வந்து, ஓரமாக நிறுத்திப் பிடுங்கியிருக்கிறார். என்னிடம் கொண்டுவந்தபோது ரெசிஸ்டரின் நிறக் கோடுகள் தெரியவில்லை. உடம்பு முழுக்கக் கறுத்து, வயரின் மேல்தோல் உருகி இழுத்துக்கொண்டிருந்தது. எல்இடிகள் உயிரோடுதான் இருந்தன.

28இல் 2 போனால் மிச்சம் 26 வோல்ட். 1 கிலோ ஓமில் 26 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் தாங்க வேண்டிய சூடு 26 × 0.026, கிட்டத்தட்ட 0.68 வாட். கால் வாட் உடம்பில் அதைப்போல மூன்று பங்குக்கு அருகே! ஓம் மட்டும் பார்க்கக் கூடாது, வாட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. மிச்ச வோல்ட்டைக் கரண்டால் பெருக்குங்கள். வருகிற வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்குகிற ரெசிஸ்டர் போடுங்கள். தொட்டால் விரல் வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் அது பற்றவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு நான் செய்து கொடுத்தது, ஆறு சிவப்பு வரிசையாக, ஒரு 1.5 கிலோ ஓம் அரை வாட். ஆறும் சேர்ந்து 12 வோல்ட் எடுக்கும், மிச்சம் 16, ஓடுவது 10, 11 மில்லி ஆம்பியர், சூடு 0.17 வாட். முன்பு ரெசிஸ்டரில் வீணாகப் போன வோல்ட் இப்போது வெளிச்சமாகிறது. பேட்டரியிலிருந்து வயர் புறப்படுகிற இடத்திலேயே ஒரு சின்ன ஃப்யூஸும் போட்டேன். வண்டிக்குள் நீங்களாக எது இழுத்தாலும் ஃப்யூஸ் இல்லாமல் இழுக்காதீர்கள். வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், பேட்டரி கொடுக்கிற கரண்ட்டில் அந்த வயரே தீப்பிடிக்கும்.

பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் வயரில் வருவது ஏசி. அதில் எல்இடி மாட்டினால் ஐடிலில் மினுமினுக்கும். அதைவிட, அது திரும்பி வரும் பாதிச் சுழற்சியில் எல்இடிக்குத் தலைகீழாக வோல்ட் ஏறும். எல்இடி தலைகீழாகத் தாங்குவது பெரும்பாலும் 5 வோல்ட்தான். ஹாரன் மாதிரி பேட்டரியிலிருந்து வருகிற வயரில் எடுங்கள், எடுப்பதற்கு முன் மீட்டரை டிசியில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரை நிமிஷம் எரிந்து தானாக அணைகிறது

பவர் பேங்கில் மாட்டியிருக்கிறீர்கள். இழுக்கிற கரண்ட் மிகக் குறைவாக இருந்தால், போன் எதுவும் இல்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். ரெசிஸ்டரில் கோளாறு இல்லை. போன் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள், நிற்காமல் எரியும்.

ஸ்டார்ட்டர் பெட்டி விளக்கு

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று பேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று விளக்கு இருக்கும். ஒன்று போனால், "ஒரு எல்இடியும் ரெசிஸ்டரும் குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். நான் கொடுப்பதில்லை. 230 வோல்ட் ஏசியின் உச்சி 325 வோல்ட். மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் ரெசிஸ்டரில், 5 மில்லி ஆம்பியருக்கே ஒரு வாட்டுக்கு மேல் இரவு பகலாகச் சூடு. திரும்பி வரும் பாதியில் 5 வோல்ட் தாங்குகிற எல்இடிக்கு 325. இதற்கெல்லாம் சேர்த்துச் செய்து, மூடி அடைத்து, 'பேனல் இண்டிகேட்டர்' என்றே ரெடிமேடாக விற்கிறார்கள். அதை வாங்கி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்டர் வைத்து மூன்று முனையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஈரக் கால், இரும்புப் பெட்டி, திறந்த முனை மூன்றும் சேர்கிற இடம் அது. பேட்டரியில் கற்றுக்கொள்கிற வேலையை அங்கே போய்ச் செய்து பார்க்காதீர்கள்.

அந்த ஒகேனக்கல்

பையனுக்கு ஏழு நீல எல்இடி என் டப்பாவிலிருந்து கொடுத்தேன். பத்துக்கும் ஆளுக்கொரு 330 ஓம் போட்டால் ஒவ்வொன்றும் 17, 18 மில்லி ஆம்பியர், மொத்தம் 175 இழுக்கும். சின்ன 9 வோல்ட் பேட்டரி மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரைகூடத் தாங்காது. அதனால் இரண்டிரண்டாகக் கோர்த்து ஐந்து ஜோடி, ஜோடிக்கு ஒரு 1 கிலோ ஓம். பற்றவைப்பதை அவனையே செய்யச் சொன்னேன். முதல் இரண்டில் ஈயம் உருண்டையாக நின்றது, மூன்றாவதிலிருந்து படிந்து ஓடியது. அவனுடைய 330 கிலோ ஓம் பத்தையும் தனி உறையில் போட்டு மேலே பேனாவால் எழுதிக் கொடுத்தேன், வேறு சுற்றுக்கு உதவும்.

ஐந்து ரெசிஸ்டரிலும் மீட்டர் வைத்து அவனே படித்தான். 3.4, 3.3, 3.4, 3.5, 3.4. "அப்போ எல்லாம் சேத்து பதினேழு மில்லி ஆம்பியராண்ணா?" என்று கேட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகக் கூட்டியது. மறுநாள் சாயங்காலம் அவன் அப்பா போன் செய்து, பையன் மூணரைக்கு ஒருமுறை அளந்தானாம், 2.6 வந்ததாம், அருவி இன்னும் எரிகிறது என்று சொன்னார்.